ஓடுபாதையில் நின்றவர்

அந்தக் கட்டை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்பு வர்ணம் அடித்து, ஓரங்களில் மட்டும் வர்ணம் உதிர்ந்து மரம் தெரியும். ஓடுபாதையில் ஏதாவது வண்டி இருக்கும்போது அதை மேஜையில், ஒலிவாங்கியின் முன்னால் வைக்க வேண்டும். வண்டி விலகியதும் எடுத்துவிட வேண்டும். கட்டை அங்கே இருக்கும்வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கொடுக்கக் கூடாது. விமான நிலையக் கோபுரத்தில் நாங்கள் பார்த்த வேலையில் இதைவிட எளிமையான விதி கிடையாது. ஒரு தை மாதக் காலையில் என் வலது கை அந்தக் கட்டையை, எடுக்கக் கூடாத நேரத்தில், எடுத்தது. அந்த இடத்தில் வைத்தபோது அதன் கனம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. எடுத்தபோது இருந்த கனம் மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. விமானங்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அனுமதி சொல்லும் கட்டுப்பாட்டாளர் வேலை. நிலையம் எந்த ஊரில் என்பது வேண்டாம். இரவு ரயிலில் ஏறினால் காலையில் தஞ்சாவூரில் இறங்கிவிடலாம், அவ்வளவு தூரம். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே இரண்டு பேருந்து மாறினால் என் ஊர். எங்களுடையது மிராசு வீடு. கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, அறுவடைக் கூலி என்று ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு தகராறு புதிதாக முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் அதிலிருந்தெல்லாம் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நினைவுகூர உட்கார்ந்தது எங்கள் நிலையத்தின் ஜீப் ஓட்டுநரை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்தக் காலத்தில் அவரை நான் ஒருமையில்தான் அழைத்தேன். என் ஊர்க்காரர், அவருடைய அப்பா எங்கள் வயலில் பண்ணை ஆளாக இருந்தவர். என் அப்பா ஊரிலேயே முதல் டிராக்டரை வாங்கியபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள முன்வந்தவர் இவர் ஒருவர்தான். அவருடைய தெருவில் அது பெரிய துரோகமாகப் பட்டது. முப்பது பேர் பத்து நாள் செய்யும் உழவை இவர் ஒருத்தர் இரண்டு நாளில் முடித்துவிடுகிறார் என்றால் மற்றவர்கள் எங்கே போவது? கூடப் பிறந்த அண்ணனே பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் டிராக்டர் சக்கரத்தில் காற்று இல்லை. இன்னொரு நாள் இவர் தலையில் கட்டு. அடித்தது யாரென்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் விடுப்பில் போயிருந்தபோது வாய்க்கால் ஓரம் என்னை நிறுத்திக் கேட்டார்.

“சின்னய்யா, உங்க ஏரோப்ளேன் ஆபீசுல டிரைவர் வேலை ஏதும் கெடைக்குமா? இங்க வண்டியில ஏறுனாலும் குத்தம், எறங்குனாலும் குத்தம்.”

நான் சொல்லித் தற்காலிக ஓட்டுநராக எடுத்துக்கொண்டார்கள். அந்த உதவியைச் செய்ததில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. நண்பர்களிடம் சொல்லவும் செய்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே, “இங்க சின்னய்யால்லாம் வேண்டாம், சார்னு கூப்பிடு” என்றேன். அதையும் பெருந்தன்மை என்றே எண்ணிக்கொண்டேன்.

ஓடுபாதையைச் சுற்றிப் பார்ப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. காலையில் முதல் விமானத்துக்கு முன்னும், நடுவில் நாங்கள் சொல்லும்போதும் ஜீப்பில் போய், கல், ஆணி, டயர்த் துண்டு, அடிபட்ட பறவை என்று என்ன கிடந்தாலும் பொறுக்கி வர வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இவர் இறங்கி நடப்பார். நாற்றங்காலில் களை பார்க்கிறவர் போலக் குனிந்து நடப்பதைத் தொலைநோக்கியில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாக்கிடாக்கியில் அவர் பேசுவதும் அப்படித்தான், முழுசாக இருக்கும். “ஜீப்பு பேசுறேன் சார். கெழக்குக் கோடியில இருக்கேன். வேல முடிஞ்சுது. ரோட்ட விட்டு எறங்கிட்டேன்.” நாலு வாக்கியமும் இல்லாமல் அவர் பேச்சை முடித்ததே கிடையாது. இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

அன்று காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டுப் போன சிறிய விமானம் ஒரு பருந்தை அடித்துவிட்டுப் போயிருந்தது. பறவை ஓடுபாதையின் நடுப்பகுதியைத் தாண்டிக் கிடப்பதாக விமானி சொன்னார். நான் ஜீப்பை அனுப்பினேன். சிவப்புக் கட்டையை எடுத்து வைத்தேன். பனி முழுதாக விலகவில்லை; பாதி ஓடுபாதைக்கு மேல் பால் கலந்த தண்ணீர் போல மங்கலாகத்தான் தெரிந்தது. ஓரத்தில், இன்னொரு வாக்கிடாக்கியோடு, புல் வெட்டும் டிராக்டர் ஒன்றும் நின்றது. பயணிகள் விமானம் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நிறைய நேரம்.

அப்போது கோபுரத்துத் தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து ட்ரங்க் கால். என் தம்பி. கோபுரத்துக்குச் சொந்த அழைப்புகளை இணைக்கக் கூடாது, ஆனாலும் கீழே இருந்தவர் அவசரம் என்று இணைத்துவிட்டார். தம்பி மூச்சு வாங்கப் பேசினான். அப்பா அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியிருக்கிறார். உள்ளூர் ஆட்கள் வயல் வரப்பில் வரிசையாக நிற்கிறார்கள். போலீஸ் வேன் வந்துவிட்டது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். “நீ பேசுனாத்தாண்ணே கேப்பாரு. யாரையாச்சும் வெட்டிப்புடுவாங்களோன்னு பயமா இருக்கு.” நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு காதில் தம்பி. இன்னொரு பக்கம் வாக்கிடாக்கி கரகரத்தது. “ரோட்ட விட்டு விலகிட்டேன் சார்.” அவ்வளவுதான் கேட்டது. யார், எங்கே என்று எதுவும் இல்லை. நான் “சரி” என்றேன். கட்டையை எடுத்தேன்.

அது புல் வெட்டும் டிராக்டர்காரரின் குரல். யார் பேசுவது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தம்பியிடம் மறுபடி அழைக்கச் சொல்லிவிட்டு வைத்தபோது விமானம் ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கோட்டுக்கு வந்துவிட்டது. மேஜையைப் பார்த்தேன், கட்டை இல்லை. ஓடுபாதை காலி என்று என் கையே எனக்குச் சாட்சி சொன்னது. இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். விமானி திருப்பிச் சொன்னார். பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் கீழே வந்தன. தென்னை உயரம் இருக்கும், அதற்கும் கீழே என்றுகூடச் சொல்லலாம். அப்போது இயந்திரங்களின் ஒலி மாறியது. இறங்கும் விமானம் முனகும், இது அலறியது. மூக்கு மேலே தூக்கியது. “கோயிங் அரவுண்ட்,” விமானியின் குரல் மிக நிதானமாக வந்தது, “ஓடுபாதையில் வாகனம்.” இறங்காமல் மேலேறி இன்னொரு சுற்று வருகிறேன் என்று அதற்குப் பொருள். தொலைநோக்கியை எடுத்தேன். ஜீப்பும், அதன் பக்கத்தில் ஒரு மனிதரும். கையில் பருந்து. விமானத்தின் வயிறு அவருக்கு மேல் போனது. அவர் ஓடவில்லை, படுக்கவும் இல்லை. தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு நின்றார். ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்தால்தானே ஓடுவதற்கு என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

விமானம் எட்டு நிமிடத்தில் சுற்றி வந்து இறங்கியது. நாற்பது பேர் இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் குழந்தைக்குக் கோபுரத்தைக் காட்டிக் கையசைக்கச் சொன்னார். நானும் கையசைத்தேன்.

ஜீப் ஓட்டுநர் மேலே ஏறி வந்தார். சட்டையெல்லாம் புழுதி. பருந்து கோணிப்பையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் மறந்து, கதவருகே நின்று சொன்னார்.

“விலகிட்டேன்னு நான் சொல்லலீங்களே சார்.”

“கீழ போய் இரு. கூப்பிடறேன்,” என்றேன்.

அன்று மத்தியானம் நிலையத் தலைமை அதிகாரி என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். விமானியின் புகார் வந்திருந்தது. விமானத்தோடு நான் பேசியது ஒலிநாடாவில் இருந்தது. வாக்கிடாக்கிப் பேச்சு எந்த நாடாவிலும் பதிவதில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை; அவருக்கும் ஓய்வுக்கு ஒரு வருடம்தான் மீதி. “தம்பி, உனக்கு முன்னால இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் கிடக்கு. அவன் தற்காலிக ஆள். பொய் எழுதச் சொல்லல. நீ என்ன நினைச்சியோ அதை மட்டும் எழுது,” என்றார். நான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். வாகனம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதாக அறியப்பட்டதன் பேரில் அனுமதி வழங்கப்பட்டது என்று. அந்த வாக்கியத்தில் நான் இல்லை, அவரும் இல்லை. தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டபோது அதில் பொய்யே இல்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. மறுநாள் ஜீப் ஓட்டுநரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் அறைக்கு வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்று காவலாளி சொன்னார்.

அடுத்த பத்து நாட்களும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து பாதியில் எழுந்துபோவேன். குழாயை மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நம்ம ஊர்ப் பையன் விலகிவிட்டதாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டான், பெரிய ஆபத்து, தெய்வாதீனமாகத் தப்பித்தது என்று. அலுவலகத்துக்கு எழுதியதிலாவது மறைப்பு இருந்தது. அப்பாவுக்கு எழுதியதில் அதுவும் இல்லை, அப்பட்டமான பொய். ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. யாராவது ஒருத்தராவது அதை நம்பினால் நானும் நம்பிவிடலாம் என்று இருந்திருக்கும்.

ஊரில் நிலைமை மோசமாக இருந்தது. வெட்டுக்குத்து நடக்கவில்லை, ஆனால் அறுவடை பாதியில் நின்றிருந்தது. முற்றிய கதிர்கள் தலைசாய்ந்து, காலைப் பனியில் நனைந்துகொண்டிருந்தன. தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று தம்பி எழுதியதால் விடுப்புப் போட்டுப் போனேன். பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது வாய்க்கால் மதகின் மேல் ஜீப் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. எழுந்து நின்றார். சின்னய்யா என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை.

“நீங்க எழுதிக் குடுத்ததுக்கு நகல் வெச்சிருப்பீங்கள்ல?”

வைத்திருந்தேன். பையிலேயே இருந்தது, பத்து நாளாக அதைப் பிரிந்து நான் இருக்கவில்லை.

“எனக்கு இங்கிலீசு தெரியாது. தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க.”

நான் காகிதத்தைப் பிரித்தேன். முதல் இரண்டு பத்திகள் நேரம், காற்று, பனியின் அளவு என்று போயின. அந்த வாக்கியம் வந்தது. மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். “வண்டி... விலகிட்டதா... அறியப்பட்டது.”

“அறியப்பட்டதுன்னா?”

“தெரிய வந்துச்சுன்னு அர்த்தம்.”

“யாருக்குத் தெரிய வந்துச்சு?”

“எனக்குத்தான்.”

“யாரு சொல்லித் தெரிய வந்துச்சு?”

கீழே வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. நான் காகிதத்தை மடித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “எங்கண்ணன் இப்ப பேசுறாரு எங்கிட்ட. ஏன் தெரியுமா? நாப்பது பேரக் கொல்லப் பாத்தியாமேன்னு கேக்குறதுக்காகப் பேசுறாரு. ஊரு பூரா அதான் பேச்சு. உங்கப்பா சொன்னதாம்.” சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்து போய்விட்டார்.

பேச்சுவார்த்தை பள்ளிக்கூடத்து அறையில் நடந்தது. குழந்தைகள் உட்காரும் பலகைகளில் ஒரு பக்கம் அப்பாவும் இன்னும் நாலு நிலக்காரர்களும்; எதிரே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள்; நடுவில் தாசில்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் இருந்தேன். வெளியூர் ஆட்களை இனி இறக்குவதில்லை, பதிலுக்கு உள்ளூர் ஆட்கள் பாதியில் வேலையை நிறுத்துவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் தாசில்தார். அப்பா சிரித்தார்.

“இவங்க வார்த்தைய நம்பி நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது? எம் மவன் சிபாரிசுல ஏரோப்ளேன் ஆபீசுக்கு ஒருத்தன் வேலைக்குப் போனான். விலகிட்டேன்னு சொல்லிப்புட்டு நடு ரோட்டுல நின்னுருக்கான். அத்தன பேரு உசுரு. இந்தா, எம் மவனே வந்துருக்கான், கேளுங்க.”

தாசில்தார் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். “அப்படிங்களா தம்பி?”

ஜன்னலுக்கு வெளியே சிலர் நின்றிருந்தார்கள். ஜீப் ஓட்டுநரும் அவர்களில் இருந்தார். ஆம் என்று தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாமலேயே எழுந்தேன்.

“இல்லீங்க. விலகிட்டேன்னு அவர் சொல்லவே இல்ல. வேற ஒருத்தர் பேசினதை அவர் பேசினதா நான் எடுத்துக்கிட்டேன். இறங்கலாம்னு விமானத்துக்குச் சொன்னதும் நான்தான். தப்பு என்னுது.”

கைதட்டலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. சங்கத்துத் தலைவர், நரைத்த மீசைக்காரர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “சரிங்க. இப்பக் கையெழுத்துப் பேச்சுக்கு வருவமா?” என்றார். அப்பா அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் நடந்தார். நான் வெளியே வந்தபோது ஜன்னலடியில் யாரும் இல்லை.

வீட்டில் அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “இதை நம்பித்தான் நான் ஊரு பூரா பேசுனேன். நீ அங்கயே நிசத்தை எழுதியிருந்தா, நான் இங்க இந்த வாயால பேசியிருக்க மாட்டேன்.” அவர் செய்த எத்தனையோ விஷயங்களில் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதன்பின் இரண்டு வருடம் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை.

திரும்பிப் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். “நான்” என்று தொடங்கும் வாக்கியங்களாக எழுதினேன். தலைமை அதிகாரி படித்துவிட்டு, பழையதோடு சேர்த்து மேலே அனுப்பினார். விசாரணை நடந்தது. முதலில் ஏன் வேறு மாதிரி எழுதினீர்கள் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் பயம் என்ற ஒரே சொல்தான். ஆறு மாதம் கோபுரத்தில் ஏறத் தடை. பிறகு வடக்கே ஒரு நிலையத்துக்கு மாற்றல். ஜீப் ஓட்டுநரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டும் ஏன் விலகவில்லை என்று கேட்டபோது, “மேல உக்காந்துருக்கவரு என்னயப் பாத்துக்குவாருன்னு நெனச்சேங்க” என்றார். அதை எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். ஓட்டுநரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தி, மன்னித்துவிடச் சொன்னேன். அவர் யோசித்து, மெதுவாகப் பேசினார். “பிளேனு தலைக்கு மேல போச்சே, அதுக்குச் சொல்றீங்கன்னா வேண்டாம். மனுசனுக்குக் காது ரெண்டுதான். அந்தப் பேப்பருக்குச் சொல்றீங்கன்னா... அதப் பத்தி நான் இன்னும் யோசிக்கல.”

வடக்கே போன பிறகும் அந்தக் காலை என்னை விடவில்லை. ஒரு மழை நாளில், இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை நானே மேலேறச் சொல்லிவிட்டேன். ஓடுபாதையில் ஓர் ஆள் குனிந்து நிற்பது போல இருந்தது. தேங்கிய தண்ணீரில் விளக்கொளி, வேறொன்றும் இல்லை. என்ன காரணம் என்று விமானி கேட்டார். இப்போது தரையில் நகரும் வண்டிகளையும் திரையில் காட்டுகிறார்கள், எல்லாப் பேச்சும் பதிவாகிறது. இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையே கத்தும். நல்லதுதான். ஆனாலும் எங்கேயாவது ஒரு விமானம் இறங்காமல் திரும்ப மேலேறியது என்று செய்தித்தாளில் பார்த்தால், பயணிகளைப் பற்றிய வரிகளைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடுகிறேன். தவறு யாருடையது என்று அறியப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க.

ஓய்வுக்குப் பின் தஞ்சாவூரில் குடியேறினேன். மூன்று வருடம் முன்னால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பரிசோதனைக்காகச் சீட்டு வாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்வை மங்கல், பேசிய பிறகு குரலில்தான் ஜீப் ஓட்டுநர் என்று தெரிந்தது. முப்பது வருடம் அதே நிலையத்தில் இருந்து, வண்டிப் பிரிவுக்குப் பொறுப்பாளராகி ஓய்வு பெற்றிருக்கிறார். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். கடைசி வருடங்களில் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்களாம். உழவுக்கு இப்போது ஊரில் எல்லாமே டிராக்டர்தான் என்று சொல்லிச் சிரித்தார். என் அப்பா இறந்தபோது அவர் வந்திருந்தது எனக்குத் தெரியாது. தூரத்தில் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். “வேப்பமரத்தடியில யோசிக்கலன்னு சொன்னீங்களே. அப்புறம் யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன்.”

“என்ன வந்துச்சு?”

“முடியலன்னுதான் வந்துச்சு,” என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் தலையசைத்தேன். வேறென்ன செய்வது. அவர் எனக்கு முன்பே சீட்டு வாங்கியிருந்தார்; கொஞ்ச நேரத்தில் அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் சொட்டு மருந்து விட்ட கண்களோடு, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது; வாசல் இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பி, பலகையைக் கையால் தேடி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். என் எண்ணைக் கூப்பிடும்வரை அவர் எழுந்து போகவில்லை.